சேகரிப்பவனும் தேடுகிறவளும்

பங்கு நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், உதவிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் என் மேசைமேல் கிடந்த ஆங்கிலப் புதினத்தை எடுத்துப் புரட்டினார். "சாமி, நீங்களுமா கொலைக் கதை படிக்கிறீங்க?" என்று கேட்டார். குரலில் வியப்போடு சிறிது ஏமாற்றமும் இருந்தது. "விவிலியத்தைத் திறந்தால் நான்காம் அதிகாரத்திலேயே ஒரு கொலை நடந்துவிடுகிறதே, தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னது வேடிக்கைக்காக மட்டும் சொன்னதன்று என்பது பிறகுதான் எனக்கே தோன்றிற்று.

தொடக்க நூலின் அந்தப் பகுதியை மீண்டும் வாசித்துப் பாருங்கள். வயல்வெளியில் ஒருவன் இறந்து கிடக்கிறான். பார்த்த சாட்சிகள் இல்லை. கொன்றவன் ஒன்றும் அறியாதவன்போல் நடந்துகொள்கிறான். அப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது: உன் சகோதரன் எங்கே? கேட்பவர் கடவுள். மண்ணில் சிந்திய இரத்தத்தின் குரலைக் கேட்டு வருகிறவரும் அவரே. துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகை எப்பொழுது தோன்றியது என்று ஆய்வாளர்கள் ஆண்டு குறிக்கட்டும். அதன் முதற்கேள்வி அந்த வயல்வெளியில் கேட்கப்பட்டது என்றே நான் நம்புகிறேன்.

இந்த வகை எழுத்தில் திருச்சபையின் மக்கள் ஈடுபாடு கொண்டிருந்தது தற்செயலன்று. செஸ்டர்டன் படைத்த பிரௌன் அடிகளார் 1911-இல் நூல் வடிவில் வாசகரிடம் வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனித மனத்தின் இருளைக் கேட்டுக் கேட்டுப் பழகியதனாலேயே குற்றவாளியைப் புரிந்துகொள்ளும் குரு அவர். அருட்தந்தை ரோனல்டு நாக்ஸ் தாமே துப்பறியும் கதைகளை எழுதியதோடு, 1929-இல் அவற்றுக்குப் பத்து விதிகளையும் வகுத்தளித்தார். கவிஞர் ஆடன் 1948-இல் எழுதிய கட்டுரையொன்றில், இக்கதைகளை விரும்பி வாசிக்கிறவர்கள் உள்ளத்தில் பாவ உணர்வு கொண்டவர்கள் என்றும், இழந்துபோன ஏதேன் தோட்டத்துக்குத் திரும்பும் கனவே அவர்களை இழுக்கிறது என்றும் கருதினார். அக்கருத்தை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால், இது பொழுதுபோக்குச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஓர் இலக்கியம் என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் நூல், ஆங்கில எழுத்தாளர் பி.டி. ஜேம்ஸ் 1982-இல் வெளியிட்ட 'தோலுக்கு அடியில் மண்டையோடு' என்று பொருள்படும் தலைப்புடைய புதினம். இதில் துப்பறிகிறவர் குருவானவர் அல்லர். காவல்துறை அதிகாரியும் அல்லர். தனியார் துப்பறியும் நிலையம் ஒன்றைத் தனியாளாய் நடத்திவரும் இளம்பெண். கொலை நிகழும் இடம் பழம்பொருள்களைச் சேகரிப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒருவனுடைய கோட்டை. துப்பறியும் கதையின் முடிவை வெளியிடுவது வாசகருக்கு இழைக்கும் அநீதி என்பார்கள். இந்நூலின் ஆன்மாவே அதன் முடிவில் இருப்பதால் அந்த அநீதியை நான் இழைத்துத்தான் ஆகவேண்டும். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியரும் அவர் படைத்த பெண்ணும்

பிலிஸ் டாரத்தி ஜேம்ஸ் 1920-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். போரிலிருந்து மனநலம் குன்றித் திரும்பிய மருத்துவக் கணவரையும் இரு பெண்மக்களையும் தம் உழைப்பாலேயே தாங்கியவர். மருத்துவமனை நிர்வாகத்திலும், பின்னர் உள்துறை அமைச்சகத்திலும் பணியாற்றினார். முதற்புதினம் 1962-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1991-இல் பிரபுக்கள் அவை உறுப்பினரானார். 2014-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பற்றுறுதி கொண்டவர். பாவம், குற்றவுணர்வு, இறப்பு ஆகிய சொற்கள் அவர் எழுத்தில் அலங்காரத்துக்காக வருவதில்லை. அவற்றின் எடையை அறிந்தவர் எழுதிய எழுத்து அது.

அவர் படைத்த கார்டீலியா கிரே இரண்டே புதினங்களில்தான் வருகிறாள். முதலாவது, 'பெண்ணுக்குப் பொருந்தாத வேலை' என்று பொருள்படும் தலைப்புடன் 1972-இல் வெளிவந்தது. தாயைப் பிறக்கும்போதே இழந்தவள். ஊர் ஊராய் அலையும் மார்க்சியக் கவிஞர் ஒருவரின் மகள். வளர்ப்புத் தாயர் பலர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவள். பெயர்க் குழப்பம் ஒன்றினால், வேறொரு கத்தோலிக்கச் சிறுமிக்கு உரிய இடத்தில் கன்னியர் மடப் பள்ளியில் சேர்க்கப்படுகிறாள். அங்கே கழிந்த ஆறு ஆண்டுகளே அவள் இளமையில் அமைதியான காலம். தன் அறிவை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அவள் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது அந்தக் கன்னியரிடம்தான்.

குருமடத்தில் இறையியல் பயின்றவர்கள் புன்னகை செய்யத்தக்க ஓர் இடம் இங்கு வருகிறது. இச்சிறுமி கத்தோலிக்கத்தில் சேரப்போவதில்லை என்று தெரிந்ததும், அவள் 'வெல்லவியலா அறியாமை'யில் இருக்கிறாள் என்ற கோட்பாட்டின் நிழலில் மடத்தார் அவளை நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். நன்னெறி இறையியல் வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த அந்தச் சொல், இங்கே ஓர் அனாதைச் சிறுமிக்குக் குடையாகிறது. அவளை மதம் மாற்ற முயலாமல், அவளுக்குக் கல்வியையும் அமைதியையும் மட்டும் அளித்த அந்தக் கன்னியர் கதையில் பின்னர் வருவதில்லை. ஆனால் அவளுடைய நேர்மையில் அவர்களுடைய கைரேகை பதிந்திருக்கிறது. அவள் பெயரோ, ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்கு இனிப்பான பொய்யைச் சொல்ல மறுத்த கடைசி மகளின் பெயர். ஆசிரியர் அதைக் காரணமின்றி வைத்திருக்கமாட்டார்.

தீவும் கோட்டையும்

கதைக்கு வருவோம். கிளாரிஸா லைல் புகழ் மங்கிவரும் நாடக நடிகை. அவளுக்கு மரணத்தை நினைவூட்டும் வரிகளைத் தாங்கிய அநாமதேயக் கடிதங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. சாவை எண்ணினாலே நடுங்குகிறவள் அவள். அவள் கணவர் சர் ஜார்ஜ் ரால்ஸ்டன் கார்டீலியாவை அணுகி, மனைவிக்குத் துணையாக இருக்கும்படி ஏற்பாடு செய்கிறார். இங்கிலாந்தின் தென்கரையான டார்செட் கடற்கரைக்கு அப்பால் உள்ள கோர்சி என்னும் கற்பனைத் தீவு; அதில் விக்டோரியா காலக் கோட்டை; கோட்டைக்குள் சிறிய நாடக அரங்கு. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் வெப்ஸ்டர் எழுதிய 'மால்ஃபி சீமாட்டி' என்னும் அவல நாடகத்தை அங்கே நடிக்கப்போகிறார்கள். கொலையுண்ணும் சீமாட்டியாகக் கிளாரிஸா நடிக்கவேண்டும். திரை விலகுமுன், அன்று பிற்பகலிலேயே, தன் அறையில் முகம் சிதைக்கப்பட்டு அவள் இறந்து கிடக்கிறாள்.

கோட்டையின் உரிமையாளன் அம்புரோஸ் காரிஞ்ச். இவனே இப்புதினத்தின் மிகச் செம்மையான படைப்பு. விக்டோரியா காலத்துப் பொருள் எதுவாயினும் அவனுக்குப் பித்து. சாவையும் கொலையையும் தொட்ட பொருளாயின் இன்னும் கூடுதலான பித்து. பண்பாக உரையாடுவான், விருந்தோம்பலில் குறைவைக்கமாட்டான், எதைப் பற்றியும் நயமாகக் கேலி பேசுவான். தீவின் பழைய கோயிலுக்கு அடியில், மண்டையோடுகள் அடுக்கிய நிலவறை ஒன்று உண்டு. விருந்தாளிகளை அங்கே அழைத்துச்சென்று காட்டுவது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு. அவனுடைய சேகரிப்பில் ஒரு குழந்தையின் கை இருக்கிறது. சலவைக்கல்லில் வடித்த கை. விக்டோரியா அரசி தம் குழந்தைகளின் பிஞ்சுக் கைகால்களைச் சலவைக்கல்லில் வடிக்கச்செய்து ஆஸ்பர்ன் மாளிகையில் வைத்திருந்தது வரலாறு. அந்த வழக்கத்தைச் சார்ந்த பொருள்தான் இது. கிளாரிஸாவின் முகத்தைச் சிதைக்கப் பயன்படுவதும் இதே கைதான்.

அருளிக்கமும் அரும்பொருளும்

இங்கே ஒரு கத்தோலிக்க வாசகர் சற்றுத் தயங்கவேண்டும். அம்புரோஸைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? எலும்புகளைப் பாதுகாப்பது நம் மரபிலும் உண்டே! நம் பாட்டிமார் 'அருளிக்கம்' என்று சொல்லி முத்தமிட்ட புனிதப் பண்டங்கள் நம் பீடங்களில் இருக்கின்றன. மண்டையோட்டை மேசைமேல் வைத்துத் தியானித்த துறவியரின் ஓவியங்களைப் பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணுக்குத் திரும்புவாய் என்று நமக்கு நாமே நினைவூட்டிக்கொள்கிறோம். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒரு விடையைச் சுருக்கமாகத் தருகிறது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1190-ஆவது விதி, புனிதரின் பண்டங்களை விற்பதை அறவே தடைசெய்கிறது. மக்கள் பெரும் வணக்கம் செலுத்தும் பண்டங்களையும் படிமங்களையும் திருத்தந்தையின் ஆட்சிப்பீட அனுமதியின்றிக் கைமாற்றுவதும் செல்லாது என்கிறது. இதன் உட்பொருள் என்ன? அருளிக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு. அது இன்னாருடைய எலும்பு. அவர் இன்னும் இறைவனில் வாழ்கிறார். அவரோடு நமக்கு உறவு உண்டு. உறவுக்கு விலை குறிக்க முடியாது. அரும்பொருளுக்கோ காலம் உண்டு, தரம் உண்டு, விலை உண்டு. பெயர் மட்டும் உதிர்ந்துபோயிருக்கும். அந்தச் சலவைக்கல் கை எந்தத் தாயின் கண்ணீருக்காக வடிக்கப்பட்டதோ, அந்தத் தாயை அம்புரோஸ் நினைப்பதில்லை. ஒருத்தியின் துயரம் அவன் அலமாரியில் ஒரு விந்தையாகிவிட்டது.

இதை நான் ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் நான் பணிபுரிந்த ஒரு பங்கில், பெரிய வெள்ளியன்று தூம்பாவில் வைத்துப் பவனியாக எடுத்துச்செல்லும் ஆண்டவரின் மரச் சுரூபம் மிகப் பழையது. அதன் வலக்கை முறிந்துவிட்டபடியால் புதுச்சுரூபம் செய்துகொண்டார்கள். பழையதைத் துணியில் சுற்றிக் கோயிலின் பின்னறை அலமாரியில் வைத்திருந்தார்கள். பழம்பொருள் வாங்குகிற வணிகர் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தார், வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார், காலத்தைக் கணித்தார், ஒரு தொகையைச் சொன்னார். கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. முறைப்படி மேலிடத்து அனுமதியின்றி விற்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும், ஓர் இரவு முழுவதும் அந்தத் தொகையையும் கூரையையும் மாறி மாறி எண்ணிக்கொண்டு கிடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காலையில் கோயில்பிள்ளையிடம் பேச்செடுத்தேன். அவர் வாதாடவில்லை. "அந்தக் கையைத்தான் சாமி எங்க அம்மா வருஷா வருஷம் முத்தி செய்வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். வணிகர் கேட்காத ஒன்று எது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இந்தக் கையை முத்தமிட்டவர்கள் யார் என்று அவர் கேட்கவேயில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன்: நானும் கேட்டிருக்கவில்லை.

இப்புதினம் வெளிவந்த அதே 1982-இல், அதே இங்கிலாந்தில் நடந்த ஒரு விற்பனையை இங்கே நினைவுகூரலாம். தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் இடிந்துபோன சிவன் கோயிலருகே 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் திருமேனி, கைமாறிக் கைமாறி இலண்டனைச் சேர்ந்து, அவ்வாண்டில் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வழக்கு ஆங்கில நீதிமன்றங்களில் நடந்தது. இடிந்த கோயிலும் தன் உரிமைக்காக வழக்காடத்தக்கதே என்று ஏற்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1991-இல் வெளியாயிற்று; திருமேனியும் அவ்வாண்டிலேயே தமிழகம் திரும்பியது. நம் சமயம் வேறு. ஆனாலும், வழிபடப்பட்ட ஒன்று வாங்கப்பட்ட ஒன்றாக மாறும்போது இழக்கப்படுவது என்ன என்பதை நாமும் உணரமுடியும்.

இரண்டு குழந்தைகள்

புதினத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அதன் மையம் எனக்குப் புலப்பட்டது. இக்கதையில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒன்று, அம்புரோஸின் அலமாரியில் கல்லாய்க் கிடக்கும் குழந்தையின் கை. மற்றொன்று, டாலி என்று அழைக்கப்படும் பணிப்பெண்ணின் மகள்.

டாலி பல்லாண்டுகளாகக் கிளாரிஸாவுக்கு ஒப்பனையறையில் உடை அணிவிக்கிறவள். ஒருமுறை நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, விபத்துக்குள்ளான தன் சின்னஞ்சிறு மகள் மருத்துவமனையில் உயிருக்குப் போராடுவது அவளுக்குத் தெரியாது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தியைக் கிளாரிஸா உடனே சொல்லவில்லை. காட்சி முடியட்டும் என்று விட்டுவிட்டாள். தாய் போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது.

இந்நிகழ்ச்சியில் இரத்தமில்லை, ஆயுதமில்லை. எந்த நீதிமன்றமும் விசாரிக்கும் குற்றமுமில்லை. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் கடமையில் தவறியதையும் சேர்த்து நாம் அறிக்கையிடுகிறோமே, அந்த வகைப் பாவம். கொலைக் கதை ஒன்றில் வாசகரை மிகவும் உலுக்கும் நிகழ்ச்சி கொலையாக இல்லாமல், சொல்லாமல் விடப்பட்ட ஒரு செய்தியாக இருப்பது ஜேம்ஸின் பெருந்திறன். இறந்த குழந்தையின் கல்வடிவத்துக்குப் பட்டுத்துணி விரிக்கும் ஓர் உலகம், உயிரோடு தவித்த குழந்தைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. ஆசிரியர் இந்த ஒப்புமையை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே கதையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

அநாமதேயக் கடிதங்களை முதலில் அனுப்பியவள் இந்தத் தாயே. அவள் நிறுத்திய பின்னும் கடிதங்கள் தொடர்ந்தன. தன் நடிப்பில் நேர்ந்துவந்த சரிவுக்கு ஒரு சாக்குத் தேடி, கிளாரிஸாவே அவற்றைத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டாள். மரணத்துக்கு அஞ்சியவள் அந்த அச்சத்தையே ஒரு வேடமாக அணிந்துகொள்கிறாள். அவளை நாம் வெறுக்க முடியாமற்போகும் இடம் இது.

பொய்யான ஆற்றுநர்

கிளாரிஸாவைத் தாக்கியவன் சைமன் லெஸ்ஸிங். அவள் ஆதரவில் வளரும் பதின்பருவச் சிறுவன், தந்தையை இழந்தவன், அவள் தயவின்றி எதிர்காலம் இல்லாதவன். அவமானமும் அச்சமும் மேலிட்ட ஒரு கணத்தில் அடித்துவிடுகிறான். இதைக் கண்டுகொண்ட அம்புரோஸ் காவலரை அழைக்கவில்லை. சிறுவனைத் தேற்றி அனுப்பிவிட்டு, இறந்தவளின் முகத்தைச் சலவைக்கல் கையால் சிதைத்துத் தடயங்களைக் குழப்பிவிடுகிறான்.

காரணம் இரக்கமன்று. தன் நூல் ஒன்றின் பெருவெற்றியால் கிடைத்த பணத்துக்கு வரி செலுத்தாமலிருக்க, ஓராண்டு முழுவதும் அவன் நாட்டுக்கு வெளியே தங்கியிருக்கவேண்டும். 1977-இல் அவன் இரகசியமாகத் திரும்பி வந்ததற்குச் சான்றான செய்தித்தாள் நறுக்கு ஒன்று கிளாரிஸாவிடம் இருந்தது. அதைக் காட்டியே அவனை அவள் தன் விருப்பத்துக்கு ஆட்டிவைத்தாள். உண்மை வெளிப்பட்டால் வரி கட்டவேண்டும். கோட்டையும் சேகரிப்பும் போய்விடும். செல்வம் இருக்கும் இடத்தில் உள்ளமும் இருக்கும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் எச்சரித்தது அம்புரோஸுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. பூச்சியும் துருவும் அரிக்காதபடி பாதுகாத்த பொருள்களுக்காக, ஒரு சிறுவனின் உள்ளம் அரிக்கப்படுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு குருவாக இந்தப் பக்கங்களை நான் வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. குற்றம் செய்த ஒருவன் தன் பாவத்தை அறிந்த மற்றொருவன்முன் நிற்கிறான். கேட்கிறவன் மென்மையாகப் பேசுகிறான்; கவலைப்படாதே என்கிறான்; இரகசியம் காப்பேன் என்கிறான். வெளித்தோற்றத்தில் இது ஒப்புரவு அருட்சாதனம் போலவே இருக்கிறது. ஆனால் முழுவதும் தலைகீழ். நாம் காக்கும் அறிக்கையிரகசியம் பாவியை விடுவிக்கிறது. அம்புரோஸ் காக்கும் இரகசியம் சிறுவனை அவனிடம் அடகு வைக்கிறது. அங்கே உண்மை சொல்லப்பட்டு மன்னிக்கப்படுகிறது. இங்கே மன்னிப்பே தேவையில்லை என்று உண்மை புதைக்கப்படுகிறது. விளைவும் அதற்கேற்றதே. பொய்யைச் சுமக்கமுடியாத சைமன், 'பேயின் கொப்பரை' என்று பெயர்பெற்ற, கடல்நீர் ஏறி நிரம்பும் குகையில் உயிர்விடத் துணிகிறான். அவனைக் காக்கக் கார்டீலியா அந்த இருளுக்குள் இறங்குகிறாள். காக்க முடியவில்லை. தானும் மூழ்கவிருந்து, அரும்பாடுபட்டு உயிர்பிழைக்கிறாள்.

அந்தத் தீவில் அத்தனை பேர் இருந்தும், அச்சிறுவன் சொல்வதை அவன் நன்மைக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. நம் இல்லங்களிலும் பதினாறு பதினேழு வயதில் வாய்மூடித் திரியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வில் தவறியதையோ, அதனினும் பெரிய தவற்றையோ யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களைக் கேட்க அம்புரோஸ்கள் காத்திருக்கிறார்கள். இப்புதினம் எனக்குக் கற்பித்த முதற்பாடம் இதுவே.

பத்தாண்டு இடைவெளியில் ஓர் உண்மை

1972-ஆம் ஆண்டுப் புதினத்தின் இறுதியில் கார்டீலியா ஒரு பொய் சொல்கிறாள். தன் மகனையே கொன்ற அறிவியலர் ஒருவரை, அம்மகனின் உண்மைத் தாய் சுட்டுவிடுகிறாள். அது தற்கொலைபோல் தோன்றும்படி கார்டீலியா உதவுகிறாள். விசாரணையில் இறுதிவரை அசையாமல் நிற்கிறாள். வாசகர் அவள் பக்கமே சாய்வார்கள், நானும் சாய்ந்தேன். ஆனால் புனித அகுஸ்தினார் சாயமாட்டார். ஓர் உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் தகாது என்பதே அவர் நிலை. புனித தோமா அக்குவினா, பிறருக்கு உதவச் சொல்லும் பொய்யைச் சிறிய பாவமாகக் கொண்டாலும், பாவம் என்பதை மறுக்கவில்லை. முதற்புதினத்தைப் பொறுத்தவரை, ஆசிரியர் இக்கேள்வியைத் திறந்தே விட்டுவிட்டார் எனலாம்.

இரண்டாம் புதினத்தை அதற்கான மறுமொழியாக நான் வாசிக்கிறேன். அம்புரோஸ் அவளிடம் அமைதியாக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். பிறகு, சான்று ஏதுமில்லை, உன் சொல்லை எவரும் நம்பப்போவதில்லை, பேசாமல் போய்விடு என்ற பொருள்படப் பேசுகிறான். செல்வமும் செல்வாக்கும் அவன் பக்கம். அவளுக்கோ கடன்பட்ட ஓர் அலுவலகம்தான் உண்டு. இம்முறை பொய்யோ மௌனமோ அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் உண்மையைச் சொல்லப்போகிறாள் என்ற உறுதியோடு கதை முடிகிறது. நம்புவார்களா, அம்புரோஸ் தண்டிக்கப்படுவானா என்பதை ஆசிரியர் சொல்வதில்லை.

இம்முடிவு நிறைவளிக்கவில்லை என்று குறைகூறும் வாசகர்கள் இருக்கலாம். நான் உடன்படவில்லை. சாட்சி சொல்கிறவரின் கடமை சாட்சி சொல்வதோடு முடிகிறது. தீர்ப்பு அவர் கையில் இல்லை. மறைசாட்சிகளைப் போற்றும் நமக்கு இது புதிய செய்தியன்று. முதல் நூலில் நீதியைத் தன் கையில் எடுத்து அதற்காகப் பொய்யுரைத்த பெண், இரண்டாம் நூலில் நீதியைக் கைவிட்டு விடாமலே, அதன் பயனைக் கைவிட்டு, உண்மையை மட்டும் பற்றிக்கொள்கிறாள். இதை வளர்ச்சி என்றே சொல்லவேண்டும்.

குறைகள்

குறைகளையும் சொல்லாவிட்டால் திறனாய்வு முழுமை பெறாது. முதற்பாதியில் கதை மிக மெல்ல நகர்கிறது. ஒவ்வோர் அறையின் தளவாடங்களையும் ஆசிரியர் வரிசையாக விவரிக்கும்போது, அம்புரோஸின் நோய் அவரையும் சற்றுத் தொற்றிக்கொண்டதோ என்று ஐயுற நேர்கிறது. நிலவறை, மண்டையோடு, கடற்குகை, கோட்டை என அச்சக் கதைக்குரிய சரக்குகள் தேவைக்கு மேல் குவிந்துள்ளன. கார்டீலியா தன் அறிவாற்றலைக் காட்டும் வாய்ப்பு முதற்புதினத்தைவிட இதில் குறைவு. சாகும் தறுவாயிலுள்ள நாடகத் திறனாய்வாளர் ஐவோ விட்டிங்ஹாம் போன்ற அருமையான பாத்திரங்கள், நம்மோடு நெருங்கிவரும் நேரத்தில் விலக்கப்பட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. இந்நூலில் பாவம் இருக்கிறது, குற்றவுணர்வு இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. மன்னிப்பு மட்டும் காணப்படவில்லை. டாலி தன் மகளை இழந்த பின்னும் அதே பெண்ணுக்கு ஆண்டுக்கணக்காகப் பணிசெய்திருக்கிறாள். அந்த நீண்ட மௌனத்தில் வெறுப்பு மட்டும்தானா இருந்தது? வேறு ஏதேனும் துளிர்க்க முயன்றதா? அந்தக் கதவை ஆசிரியர் தட்டிவிட்டு, திறக்காமலே திரும்பிவிடுகிறார். மண்டையோட்டைத் தோலுக்கு அடியில் கண்டவர், அதற்கும் அப்பால் உயிர்ப்பைக் காணத் தயங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. விசுவாசியான ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது தவறாகாது.

தேடுகிறவள்

ஆயினும் நூலை மூடிவைத்த பின் மனத்தில் நிற்பது ஒரு சிறு செய்தி. கார்டீலியாவின் துப்பறியும் நிலையம் எதனால் பிழைக்கிறது தெரியுமா? காணாமற்போன பூனைகளையும் நாய்களையும் தேடிக் கொடுப்பதனால். கொலை வழக்குகள் அவளிடம் வருவதில்லை. தெருத்தெருவாய் அலைந்து, யாரோ ஒரு தனித்த மூதாட்டியின் பூனையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே அவள் அன்றாட வேலை. இதை ஆசிரியர் மெல்லிய நகைச்சுவையாகவே கையாளுகிறார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனவரின் கதையை அறிந்த நமக்கு, அது நகைச்சுவையாக மட்டும் இருக்க முடியாது.

அம்புரோஸ் சேகரிக்கிறான், கார்டீலியா தேடுகிறாள். சேகரிக்கிறவன் தேர்ந்தெடுக்கிறான்: அழகானது, அரிதானது, விலைபோவது. தேடுகிறவள் தேர்ந்தெடுப்பதில்லை, தொலைந்துபோனது எதுவோ அதைத் தேடிப் போகிறாள். முன்னவன் கண்டெடுத்ததைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுகிறான். பின்னவள் அதற்கு உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். நம் இல்லங்களும் நம் கோயில்களும் இவ்விருவருள் யாருடைய வழியில் நடக்கின்றன என்று எண்ணிப்பார்ப்பது நலம். பொன்விழா மலர்களையும் வெள்ளிக் குத்துவிளக்குகளையும் அடுக்கி வைத்திருக்கிறோம். திருப்பலிக்கு வராமல் நின்றுபோன குடும்பங்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறதா?

முறிந்த கையோடு அந்த மரச்சுரூபம் இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. விற்கவில்லை. கூரையை மக்களே சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வேய்ந்தோம். பெரிய வெள்ளியன்று புதுச்சுரூபம் பவனி முடிந்து வந்தபின், சில மூதாட்டியர் பின்னறைக்கு வந்து, துணியை விலக்கி, பழைய கையையும் முத்தமிட்டுவிட்டுப் போவார்கள். நான் அங்கிருந்த ஆண்டுகளில் அவர்களைத் தடுத்ததில்லை.

புத்தகத்தைக் கண்டு வியந்த அந்த இளைஞர் மறுவாரம் வந்து அதை இரவல் கேட்டார். கொடுத்தனுப்பினேன். திருப்பித் தரும்போது, கொன்றவன் யார் என்று கண்டுபிடித்ததாகச் சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். "சாமி, அந்தப் பையன் பேசுறதுக்கு யாராச்சும் இருந்திருந்தா செத்திருக்க மாட்டான்ல?" என்றார். அன்று மாலை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.